காருக்குள்ள சத்தம்: ஷீட் வாங்குறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட் ஒரு 18,000 ரூபாய் கதை. அந்தப் பணத்தை நான் என் பழைய ஹேட்ச்பேக்ல ஒட்டினேன். நிஜமாவே ஒட்டினேன், ரோலர் வச்சு.

மாசத்துக்கு ஒரு தடவை அப்பாவைக் கூட்டிக்கிட்டு தாம்பரத்துலேர்ந்து விழுப்புரம் பக்கம் எங்க ஊருக்குப் போவேன். நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கா பேசுறது அந்த மூணு மணி நேரம்தான். அப்பாவுக்கு வலது காது சரியா கேக்காது. அவர் முன்சீட்ல இடது பக்கம், நான் ஸ்டியரிங்ல வலது பக்கம். அதனால என் பக்கம் இருக்கிறது கேக்காத காது, நல்ல காது ஜன்னல் பக்கம். 80-ஐத் தாண்டினா ரெண்டு தடவை "என்னப்பா?"ன்னு கேப்பார். மூணாவது தடவை சும்மா தலையாட்டிடுவார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கடைக்கு அனுப்பிச்சது.

கடைக்காரர் கதவு, தரை, டிக்கி எல்லாத்துலயும் சில்வர் ஷீட் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கதவு சாத்தினா "தப்"னு கனமா கேட்டுச்சு, பெரிய கார் மாதிரி. ஹைவேல ஏறினேன். அதே "என்னப்பா?"

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கணும், நானெல்லாம் இன்ஜினியரிங் முடிச்சவன்!

எவர்சில்வர் தட்டைத் தட்டினா "ணங்"குன்னு கேக்கும். மேல ஒரு விரலை வச்சா அடங்கிடும். பியூட்டைல் ஷீட் பண்றது அந்த விரலோட வேலை மட்டும்தான். தகரம் அதிர்ற அதிர்வை உறிஞ்சி லேசான சூடா மாத்திடும். மேல இருக்கிற அலுமினியம் ஃபாயில் சும்மா பளபளப்புக்கு இல்ல, நடுவுல இருக்கிற பசையை இழுத்துப் பிடிச்சு அந்த வேலையை அதிகமாக்குறது அதுதான். தட்டு முழுக்க கையால மூடணும்னு அவசியமில்லையே? அதே மாதிரி பேனல்ல கால்வாசியிலேர்ந்து பாதி வரைக்கும் ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைச்சிடும். நான் நூறு சதவீதம் ஒட்டினேன். பாதிக் காசு அங்கயே போச்சு.

விலை குறைவுன்னு தார் ஷீட் காட்டுவாங்க. நம்ம ஊர் மே மாச வெயில்ல நிறுத்தின காரோட தகரம் என்ன சூடாகும்னு உங்களுக்கே தெரியும். தார் இளகும், நாறும். வாங்குறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க. தார் ரோடு வாசனை அடிச்சா வச்சிட்டு வந்துடுங்க.

சரி, அப்பாவைத் தொந்தரவு பண்ணது எந்தச் சத்தம்? டயர் இரைச்சலும் காத்தும். அதுக்கு அதிர்வை அடக்குறது போதாது, வழியை மறிக்கணும். மறிக்க எடை வேணும். தரைக்குப் போடுற கனமான வினைல் விரிப்பு ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும். ஃபோமா? மெல்லிய ஃபோம் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸ் உறுமலோட அலைநீளம் 3.4 மீட்டர். அதை 5 மில்லிமீட்டர் ஃபோம் என்ன பண்ணிட முடியும்? ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி குடிக்கிற ஃபோமைக் கதவுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கும், அதுக்குத்தான் அடியில ஓட்டை விட்டிருக்காங்க. அந்த ஓட்டையை அடைச்சாலும் துருதான்.

எனக்கு உண்மையிலேயே தூக்கிப்போட்டது இன்னொரு கணக்கு. ஒரு சுவர் எவ்வளவு கனமா இருந்தாலும் சரி, அதுல ஒரு சதவீதம் திறந்திருந்தா மொத்தத்துல 20 டெசிபலுக்கு மேல தடுக்க முடியாது. அதாவது இடுக்கு இருந்தா ஷீட் வீண்.

அன்னைக்கு ராத்திரியே பார்க்கிங்ல போய் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு ரப்பர்ல வச்சு சாத்தி, வெளிய இழுத்துப் பார்த்தேன். மூணு கதவுல இறுக்கமா நின்னுச்சு. இடது முன்கதவுல மேல் மூலைகிட்ட வழுக்கிக்கிட்டு வந்துச்சு. அப்பாவோட நல்ல காதுக்கு நேரா!

அந்த ஒரு கதவுக்குப் புது ரப்பர் போட்டேன். தேஞ்சு போயிருந்த டயர்களை எப்படியும் மாத்தணும், மாத்தினேன். காத்து அழுத்தமும் கதவோரம் போட்டிருந்த அளவை விட அதிகமா இருந்துச்சு, சரி பண்ணேன். ஃபோன் ஆப்ல அளந்தேன், அதே ரோடு, அதே 80. ஷீட்டுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 1 டெசிபல்தான் குறைஞ்சிருந்தது. ரப்பரும் டயரும் சேர்ந்து இன்னும் 4 குறைச்சுது. ஃபோன் மைக்கை முழுசா நம்பாதீங்க, முன்னாடி-பின்னாடி ஒப்பிட மட்டும் வச்சுக்கங்க.

போன மாசம் ஊருக்குப் போனோம். திண்டிவனம் தாண்டுற வரைக்கும் அப்பா நிலத்துப் பத்திரத்தைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தார். நடுவுல நிறுத்தி டேஷ்போர்டைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்த ஏசி இவ்வளவு சத்தமாவா ஓடுது? காட்டு அதை."