வாட்ஸ்அப்பில் பேசாத வீடுகள்

(கல்விக் கணக்கெடுப்பில் பங்கேற்கும் மாணவ, மாணவியர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், நம் செஞ்சியிலும் சுற்றியுள்ள மஹல்லாக்களிலும் ஒரு கல்விக் கணக்கெடுப்பு நடத்தப் போகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதுதான் கேள்வி. வரும் ஆண்டு உதவித்தொகையை இந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிக்கப் போகிறோம். அதில் ஜகாத் பணமும் இருக்கிறது. கணக்கு தவறினால் உரிய வீடு விடுபட்டுப் போகும். அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார்: "ஏன் சாச்சா வீடு வீடா அலையணும்? நம்ம ஆட்களுக்கு நாலஞ்சு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, ஃபேஸ்புக் இருக்கு. அதுல பேசுறதை எல்லாம் எடுத்துத் தொகுத்தாலே முடிஞ்சுதே." அப்போது சிரித்துவிட்டு விட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அது முழுக்கத் தள்ளிவிடக் கூடிய யோசனை இல்லை என்று பட்டது. உலகம் முழுக்கச் சமூக ஆய்வு செய்கிறவர்கள் இன்று அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு நாமும் செய்யலாம்.

நம் மாநிலத்திலேயே அப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டேனியல் மில்லர் என்ற மானுடவியல் பேராசிரியர் தலைமையில், 9 ஆய்வாளர்கள் உலகின் வெவ்வேறு ஊர்களில் தலா 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்களில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்பவர் வேலை செய்தது சென்னைப் புறநகரில். பழைய கிராமத்துக் குடும்பங்களும் புதிதாக வந்த ஐ.டி. ஊழியர்களும் அக்கம்பக்கமாக வாழும் இடம் அது. அவருடைய புத்தகம் 2017இல் வெளிவந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆங்கிலம் படிக்கிறவர்கள் எடுத்துப் பாருங்கள். அதில் அந்த இடத்தின் பெயர் 'பஞ்சகிராமி'. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பேசிய மக்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று அவர் வைத்த புனைபெயர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

அவர் கண்டது என்ன? ஃபேஸ்புக் எல்லோருக்கும் திறந்த வாசல், யாரும் யாரோடும் பேசலாம் என்கிறோம். ஆனால் தெருவில் இருக்கிற சாதி, வசதி வேறுபாடுகள் திரையிலும் அப்படியே இருந்தன. பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் அறியாமலே இருந்தார்கள். வசதி குறைந்த வீடுகளில் மணமாகாத பெண்கள் போனைத் தொடுவதையே குடும்பத்தார் கட்டுப்படுத்தினார்கள். இவையெல்லாம் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியுமா? அந்தப் பெண்கள் திரையில் இல்லவே இல்லையே! அங்கேயே தங்கி, டீக்கடையிலும் வீட்டிலும் உட்கார்ந்து பேசியதால் கிடைத்தது.

நம் அனுபவமும் இதேதான். சில ஆண்டுகளுக்கு முன் நாமே கூகுள் ஃபார்ம் ஒன்று தயாரித்துக் குரூப்பில் போட்டோம். இரண்டே நாளில் பதில்கள் குவிந்தன. எனக்கு ஒரே பெருமை. பிறகு பார்த்தால், பதில் சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள், அதிலும் படித்து வேலையில் இருப்பவர்கள். ஒரு படிவத்தில், பெண் பிள்ளை படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் 'விருப்பமில்லை' என்று இருந்தது. வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போன நம் உஸ்தாத்பீ அம்மாவிடம் விசாரித்தார். அந்த அம்மா சொன்னது வேறு: "திண்டிவனம் காலேஜுக்கு சீட் கிடைச்சுது. பஸ் பிடிச்சு வீடு வர மஃக்ரிப் தாண்டிடும்னு அவங்க அத்தா வேணாம்னுட்டாங்க. ஃபார்மா? போன் அவங்ககிட்டதானே இருக்கு, எனக்கென்ன தெரியும்." அந்தப் பெண் நின்றதற்குக் காரணம் பேருந்து நேரம். 'விருப்பமில்லை' என்று எழுதியது அவளுடைய அத்தாவின் விரல். அந்தப் படிவத்தை நம்பி நாமும் அந்த ஆண்டு அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

மதரஸாவில் ஹதீஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. செய்தியைக் கேட்பதற்கு முன் அதைச் சொன்ன ராவி யார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் சந்தித்தாரா என்று இமாம்கள் பார்த்தார்கள். ராவிகளின் வரலாற்றுக்கென்றே தனிக் கலை வளர்த்தார்கள். ஃபார்வர்டு மெசேஜில் இஸ்னாது எங்கே இருக்கிறது? ஒரே செய்தி ஐம்பது குரூப்பில் வந்தால் ஐம்பது சாட்சி என்று நினைக்கிறோம். மூலம் ஒன்றுதான்.

சத்தம் பெரிதாக இருப்பதாலேயே எண்ணிக்கை பெரிது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2020 மார்ச் கடைசியில் நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வந்தபோது, கொரோனாவையும் நம்மையும் சேர்த்துப் பழிக்கும் ஹேஷ்டேக் ஒன்று சில நாட்களிலேயே ஏறத்தாழ 3 லட்சம் முறை ட்விட்டரில் வந்ததாக டைம் இதழ் எழுதியது. அன்று ட்விட்டரை மட்டும் வைத்து நாட்டு மக்களின் மனதை எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும்? அதே ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது; அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும் பதிவு செய்தது.

இனி 'பஞ்சகிராமி'க்கு வருகிறேன். பிள்ளைகள் சொல்கிறார்கள்: "அவங்களே பப்ளிக்கா போட்டதுதானே சாச்சா, எடுத்தா என்ன?"

2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும் நடந்ததைத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் சமுதாயப் பெண்களின் படங்களை அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களிலிருந்தே எடுத்து, 'ஏலம்' என்று செயலியில் போட்டார்கள். அந்தப் படங்களும் அவர்களே பொதுவில் போட்டவைதான். கெட்ட எண்ணத்தோடு எடுத்தவனையும் ஆய்வுக்காக எடுக்கும் நம் பிள்ளையையும் ஒன்றாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் எடுத்தது என்ற அளவில் அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

சட்டம் தடுக்குமா என்றால், முழுமையாகத் தடுக்காது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. சட்டம் விட்ட இடத்தில் நமக்கு அமானிதம் இருக்கிறது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. ஆய்வு செய்கிறவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் நம் ஊருக்குச் சரிவராது. 2008இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களின் ஃபேஸ்புக் விவரங்களை, பெயர்களை நீக்கி, கல்லூரி பெயரையும் மறைத்து, மற்ற ஆய்வாளர்களுக்காக வெளியிட்டார்கள். அது ஹார்வர்டு என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். மாணவர்களுக்கே ஆபத்து என்று அந்தத் தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நாட்டிலேயே அப்படி என்றால் செஞ்சியில் கேட்க வேண்டுமா? 'மூத்த மகள் நர்சிங் பாதியில் நின்றவர், தந்தை குவைத்தில்' என்று எழுதினாலே மஸ்ஜித் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்காக இணையத்தையே ஒதுக்கச் சொல்லவில்லை. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளின் கதவை நாம் போய்த் தட்ட முடியாது. அவர்களைக் குரூப்பில்தான் கேட்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளும் இணையத்தில் இருக்கின்றன. 2006இல் சச்சார் குழு அறிக்கை வந்தது, அதுவும் இருக்கிறது. மதரஸாவில் மட்டுமே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிய காலத்தில், அங்கே முழுநேரம் படிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்று அந்த அறிக்கைதான் எண்ணிச் சொன்னது. அதைப் பதிவிறக்கம் செய்து படியுங்கள்.

ஆகவே ஏற்பாடு இப்படி. முதலில் வீடு, பிறகு குரூப். குரூப்பில் கேட்பதாக இருந்தால் அட்மினிடமும் உறுப்பினர்களிடமும் 'இன்னார், இன்ன காரணத்துக்காகக் கேட்கிறோம்' என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சலாம் சொல்லி அனுமதி வாங்காமல் பிறர் வீட்டுக்குள் நுழைய மாட்டோம் அல்லவா? பழைய உரையாடலைத் தோண்ட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். பதில் சொல்ல விரும்பாத வீட்டை வற்புறுத்த வேண்டாம். உதவித்தொகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுங்கள். படிவங்கள் அலுவலக அலமாரியில் பூட்டப்படும். சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும்.

படிவத்தின் கடைசியில் இந்தத் தடவை இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறோம். 'இதைச் சொன்னவர் யார்?' என்பது ஒன்று. 'வீட்டில் போன் யாரிடம் இருக்கிறது?' என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் காலியாக விட்டு வரும் படிவத்தை வாங்க மாட்டேன். பெண்களிடம் பெண்களே பேசுவார்கள்; உருது பேசும் வீடுகளுக்கு உருது தெரிந்தவர்கள் போவார்கள். யார் யாருக்கு எந்தத் தெரு என்ற பட்டியல் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்தில் ஒட்டப்படும். முதல் நாள் நானும் உங்களோடு வருகிறேன். பேருந்து விஷயம் சொன்ன அந்த அம்மாவின் வீட்டிலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன்.

வஸ்ஸலாம்.