சொன்ன வருத்தமும் சொல்லாத வருத்தமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னை அழைத்தபோது, "நீரிழிவைப் பற்றியும் கதைக்க வேண்டாம், பிரஷரைப் பற்றியும் கதைக்க வேண்டாம். நீர் கதை எழுதுறனீர்தானே, அதைப் பற்றிக் கதையும்" என்றார். மருத்துவராகிய என்னிடம் மருந்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகவே உடனே சம்மதித்தேன். நான் பெரிய எழுத்தாளர் அல்ல. இரண்டு சிறிய சிறுகதைத் தொகுதிகள், அவ்வளவுதான். ஆனால் கதையில் வரும் மனிதர்களுக்கு எப்படி உயிர் வருகிறது என்ற கேள்வி இந்தப் பாடசாலையில் எனக்குத் தொடங்கியது. அதை இங்கேயே வந்து சொல்லக் கிடைத்தது என் பாக்கியம்.

1996 ஆம் ஆண்டு. தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பாடசாலை மறுபடி தொடங்கிய காலம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தின் பின்மட்டையிலும் எழுதினோம். அப்போது எங்கள் தமிழ் ரீச்சர் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். நானும் எழுதினேன். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் வீதிக்கு இறங்கிய அந்த இரவுதான் கதை. அதில் ஓர் அம்மா. அந்த அம்மாவுக்குப் பசிக்கவில்லை, களைக்கவில்லை, ஒருவர் மீதும் கோபம் வரவில்லை. தன் பங்குத் தண்ணீரையும் பிள்ளைகளுக்கே கொடுத்தார். முடிவில் வானத்தைப் பார்த்து அழுதார். திருப்பி வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. முதற் பரிசு எனக்குத்தான் என்று நினைத்தேன்.

கொப்பி திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரேயொரு வரி இருந்தது: "இந்த அம்மாவுக்கு என்ன பிடிக்காது?"

பரிசு கிடைக்கவில்லை. ரீச்சர் மீது எனக்குச் சரியான கோபம். அந்த வரி என்ன கேட்கிறது என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. நான் எழுதியது ஓர் அம்மாவை அல்ல, ஓர் அம்மன் சிலையை. சிலைக்குப் பிடிக்காதது என்று எதுவும் இல்லை. அதனால்தான் அது நடப்பதில்லை.

பிறகு மருத்துவ பீடம். அங்கே முதலில் பழக்குவது நோயாளியிடம் வரலாறு கேட்பது. என்ன வருத்தம், எவ்வளவு காலமாக, முன்பு என்னென்ன வருத்தங்கள், வீட்டில் யார் யார் என்று ஒழுங்காகக் கேட்டு எழுத வேண்டும். அப்படிப் பழகும்போது மூத்த மருத்துவர் ஒருவர் ஒரு கேள்வியைச் சேர்த்துத் தந்தார்: "ஏன் இன்றைக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள்."

கிளினிக்குக்கு ஒரு வயதான ஐயா வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன ஐயா வருத்தம்?"

"முழங்கால் நோகுது பிள்ளை."

"எவ்வளவு காலமாய்?"

"ஒரு மூண்டு வரியம் இருக்கும்."

"அப்ப ஏன் ஐயா இண்டைக்கு வந்தனீங்கள்?"

அவர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு, "மனிசி இருக்கேக்க எண்ணெய் போட்டு உருவி விடுவா" என்பார்.

எங்கள் பேச்சில் நோய்க்கும் வருத்தம் என்றுதான் சொல்கிறோம், துயரத்துக்கும் வருத்தம் என்றுதான் சொல்கிறோம். முழங்கால் அவர் சொன்ன வருத்தம். மற்றது சொல்லாத வருத்தம். கதை எழுதுகிறவருக்கு இரண்டும் வேண்டும். முழங்காலை மட்டும் எழுதினால் அது நோயாளிக் குறிப்பு. மனைவி போன துயரத்தை மட்டும் எழுதினால் அது அஞ்சலிக் கவிதை. முழங்காலைக் காட்டிக்கொண்டு மனைவியைச் சொல்லாமல் இருக்கப் பார்க்கிறாரே, அந்த ஐயாதான் பாத்திரம். அதோடு, "ஏன் இன்றைக்கு?" என்பதுதான் கதை தொடங்க வேண்டிய இடம். மூன்று வருடம் பொறுத்தவர் ஏன் இன்று பொறுக்கவில்லை என்று தெரிந்துவிட்டால், முதற் பந்தி தானாக வந்துவிடும்.

மருத்துவத்தில் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. வேலை கூடிவிட்டால் மனிதர்களை நோயின் பெயராலும் கட்டில் இலக்கத்தாலும் அழைக்கத் தொடங்கிவிடுவோம். "ஏழாம் கட்டில் ஆஸ்த்துமா" என்போம். எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறோம். கொடுமைக்கார மாமி, வெளிநாட்டு மாப்பிள்ளை, ஏழைத் தொழிலாளி, தியாகத் தாய். இவை எல்லாம் நோயின் பெயர்கள். அந்த மாமி மத்தியானத்தில் தனியே இருந்து எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்று தெரியாதவரை அவர் நம் கதைக்குள் வரவில்லை.

இதை எனக்கு நன்றாக விளங்கப்படுத்தியவர் இன்னொரு மருத்துவர், ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ். அவர் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1890 இல் சகாலின் தீவுக்குப் போய், அங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகளின் நிலையை நேரில் பார்த்துவிட்டுக் கடல்வழியாகத் திரும்பும்போது, அந்த வருட நவம்பரில் சில நாட்கள் இலங்கையில் தங்கினார். வரும் வழியில் கப்பலில் இறந்தவர்களைக் கடலில் இறக்குவதைக் கண்டிருந்தார். அதிலிருந்து பிறந்த "கூசெவ்" என்ற சிறுகதை, கொழும்பு என்ற குறிப்போடு அந்த வருட இறுதியிலேயே வெளியானது.

கூசெவ் ஒரு படைவீரன். சயரோகத்தோடு கப்பலின் நோயாளர் அறையில் கிடந்தபடி ஊருக்குத் திரும்புகிறான். அப்பாவி. ஊரையும் பனியையும் சகோதரனின் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டிருப்பவன். பக்கத்தில் படித்த ஒருவர், பாவேல் இவானிச். இந்த நோயாளிகளைச் சாகத்தான் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அநியாயத்தை அறிந்து பேசுகிறவர். நான் எழுதியிருந்தால் கூசெவைப் புனிதனாகவும் மற்றவரை வீரனாகவும் ஆக்கியிருப்பேன். செக்கோவ் அப்படிச் செய்யவில்லை. அந்த அப்பாவி ஒருநாள் தன் முற்றத்துக்குள் வந்த நான்கு சீனர்களைக் காரணமே இல்லாமல் அடித்தவன். அதை அவனே சாதாரணமாகச் சொல்கிறான். நியாயம் பேசுகிறவரோ பக்கத்தில் கிடக்கும் பாமரர்களை இளக்காரமாகப் பார்க்கிறார். தனக்குச் சுகமாகி வருகிறது என்று நம்பிக்கொண்டே முதலில் சாகிறார். இருவரையும் நாம் மன்னிப்பதா வெறுப்பதா என்று செக்கோவ் சொல்வதில்லை. ஆனால் கூசெவின் உடல் கடலுக்குள் போகும்போது நமக்கு நோகிறது. அந்த அடியை அவர் மறைத்திருந்தால் இவ்வளவு நோகாது.

எங்களிடமும் அப்படி ஒரு வழி இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்த சிவஞானசுந்தரம் அவர்கள்தான் "நந்தி" என்ற பெயரில் எழுதியவர். மலையகத் தோட்டத்து மக்களைப் பற்றிய "மலைக்கொழுந்து" நாவல் அவருடையது. மருத்துவமும் எழுத்தும் ஒரு வீட்டில் இருக்கலாம் என்ற துணிவை அவருடைய பெயர் எனக்குத் தந்தது.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சஞ்சிகையில் என் கதை வந்தது. அதில் வரும் அம்மா ஒரு வசனம் சொல்வார். அந்த வசனத்தை என்னிடம் ஒரு நோயாளி சொல்லியிருந்தார். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், வயதை மாற்றினேன். வசனத்தை மட்டும் மாற்றவில்லை. அவ்வளவு நல்ல வசனம். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் கிளினிக்குக்கு வந்தார். கையில் அந்தச் சஞ்சிகை. "டொக்டர், இது அம்மா சொன்னதுதானே?" என்று கேட்டார். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த அம்மா அதன்பிறகு என்னிடம் வரவேயில்லை. பல வருடங்களாகக் கதைத்துக் கதைத்துத்தான் ஒழுங்காக மருந்து எடுக்கப் பழகியிருந்தார். இப்போது எங்கே காட்டுகிறார், மருந்து எடுக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கதையைத் தொகுதியில் சேர்க்கவில்லை. நம்முடையது சிறிய சமூகம். யாழ்ப்பாணத்தில் எழுதினால் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவா. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் என்னிடம் சொன்னது எனக்குச் சொந்தமல்ல. அன்றிலிருந்து கிளினிக்கிலிருந்து கேள்விகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். பதில்களை அங்கேயே விட்டுவிடுகிறேன். சற்றுமுன் சொன்ன முழங்கால் ஐயாவும் நான் கற்பனை செய்தவர்தான்.

அப்படியென்றால் பதிலுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக்குத்தான். மற்றவர் வீட்டுக் கதவைத் திறக்க முன் எங்கள் வீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் ரீச்சரின் சிவப்பு வரி திரும்பி வந்தது. இந்த அம்மாவுக்கு என்ன பிடிக்காது?

பதில் எனக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். எழுதத்தான் பயம். அந்த ஒக்ரோபர் இரவில் அம்மாவின் பையில் ஒரு பிஸ்கட் பக்கற் இருந்தது. பக்கத்தில் நடந்து வந்த குடும்பத்துச் சின்னப் பிள்ளை பசியில் அழுதுகொண்டே வந்தது. அம்மா கடதாசி சரசரக்காமல் இருட்டுக்குள் எனக்கும் தம்பிக்கும் மட்டும் ஒவ்வொன்றாகத் தந்தார். கேட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கேட்பவர்களை அன்றிரவு அவருக்குப் பிடிக்கவில்லை.

முப்பத்தெட்டு வயதில் அதைக் கதையாக எழுதினேன். சென்ற முறை விட்ட பிழையை இம்முறை விடக்கூடாது என்று, அச்சுக்குக் கொடுக்க முன் அம்மாவிடமே வாசிக்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். தாள்களை மடித்து மேசையில் வைத்தார். கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கும் ஒண்டு குடுத்தனான். நீ அப்ப நித்திரை."

சகோதரிகளே, அம்மா உண்மையிலேயே கொடுத்தாரா, அல்லது கொடுத்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக நினைத்து நினைத்து அது உண்மையாகிவிட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் கேட்கவுமில்லை. "போடட்டோ அம்மா?" என்று மட்டும் கேட்டேன். "நான் சொன்னதையும் சேர்த்துப் போடு" என்றார். அவர் சொன்னதுதான் அந்தக் கதையின் கடைசி வரி. ஒரு மனிதரை முழுவதும் எழுதிவிட்டோம் என்று நாம் நினைக்கும்போதும், நாம் நித்திரையாக இருந்த நேரம் ஒன்று இருக்கிறது. அதற்கு இடம் விட்டு எழுதினால் பாத்திரத்துக்கு உயிர் வருகிறது. இவ்வளவு காலத்தில் நான் கற்றது இதுதான்.

எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எழுதும் ஆண்களிடம் இதை அதிகம் கேட்பதில்லை. நான் காலை நாலரைக்கு எழும்புவேன். ஐந்தேகாலுக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இடையில் முக்கால் மணித்தியாலம், ஒரு சீஆர் கொப்பி, ஒரு தேத்தண்ணி. இரவுக்கடமை வந்தால் அதுவும் இல்லை. சில மாதம் ஒரு வரியும் வராது. வருடத்தில் மூன்று கதை தேறினால் அது நல்ல வருடம். உத்வேகம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த மூன்றும் வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு மலரில் அதிபர்களின் படங்கள் வரும், சாதனைகள் வரும், வரவும் வேண்டும். ஆனால் விடுதியில் எங்களுக்குச் சோறு போட்ட அக்காவின் படம் வராது. மணி அடித்த அண்ணையின் படமும், பின்வாங்கில் இருந்து ஒருநாள் சொல்லாமல் பாடசாலையை விட்டுப்போன தோழியின் படமும் வராது. லண்டனிலோ சிட்னியிலோ கொழும்பிலோ இருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். புகழ வேண்டாம். மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: அவருக்கு என்ன பிடிக்காது? யாரிடம் எதை மறைத்தார்? ஏன் இத்தனை வருடம் கழித்து இன்று அவர் உங்கள் நினைவுக்கு வந்தார்? எழுதி முடித்ததும், அவர் இருந்தால் அவரிடமே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தச் சிவப்பு வரியை எழுதிய ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், பதில் தர இருபது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டது. மன்னிக்க வேண்டும்.