எல்லிஸ் துரை யாரிடம் கேட்டார்?



பண்டிதர் அயோத்திதாசர் பெயரால் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் இந்தியாவைப் படித்த ஐரோப்பியர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீகன்பால்கு, பெஸ்கி, எல்லிஸ், கால்டுவெல், போப் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்த பெயர்கள்தான். அவர்கள் செய்த வேலையை மறுக்க நான் வரவில்லை. பாடப்புத்தகம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்க வந்திருக்கிறேன். கடல் கடந்து வந்த ஒருவர் இந்த நாட்டைத் தெரிந்துகொள்ள யாரிடம் போய்க் கேட்டார்? சமூகவியலில் அப்படிப்பட்டவரைத் தகவலாளி என்போம். தகவலாளி எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பது ஆய்வின் முடிவையே மாற்றிவிடும்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸை எடுத்துக்கொள்வோம். சென்னையின் கலெக்டர். 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைய முன்னின்றவர். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816-இல் கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலில் சேர்ந்த குறிப்பில் சான்றுகளோடு எழுதினார். கால்டுவெலின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு இது. குறளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதத் தொடங்கினார். முடிக்கும் முன்பே 1819-இல் இறந்துபோனார்.

அவர் கைக்குக் குறள் ஏடு எப்படி வந்தது? அயோத்திதாசர் தமிழன் இதழில் இதை எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளை அந்தத் துரை மூலமாக எல்லிஸிடம் சேர்த்தவர் அவர்தான் என்கிறார் பண்டிதர். பறையர் வீட்டில் ஏடு இருந்தது என்பதை நம்ப மறுத்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. நம் பாட்டன்மார் அந்த அறிவைக் கேட்டு வாங்கியவர்கள் அல்ல, கொடுத்தவர்கள் என்று அவர் பதிவு செய்தார். ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு என்று நாம் படித்த பாடத்தில் கந்தப்பன் பெயர் இல்லை.

இது ஏட்டோடு முடிகிற விஷயமில்லை. மொழியை ஆராய்ந்த அதே எல்லிஸ் நிலத்தையும் ஆராய்ந்தார். மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில் 1818-இல் அச்சானது. அவருடைய கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சங்கரய்யா அதற்கு உதவினார். செப்பேடுகள், கிரயப் பத்திரங்கள், தொண்டைமண்டலத்தைத் திருத்திக் குடியேறியவர்கள் வெள்ளாளர்கள் என்ற பழங்கதை ஆகியவைதான் அதற்கு ஆதாரம். பத்திரம் யாரிடம் இருக்கும்? மிராசுதாரிடம்தான் இருக்கும். ஏர் ஓட்டியவனிடமும் நாற்று நட்டவளிடமும் பத்திரம் ஏது? குறளுக்குச் சேரியிலிருந்து ஏடு போனது. நிலத்துக்கான சாட்சி ஊரிலிருந்து மட்டும் போனது. மொழியைப் பற்றி அந்தக் காலத்துக்குப் புதிய உண்மையைச் சொன்ன அதே அறிஞர், நிலத்தைப் பற்றி எழுதும்போது ஊர்க்காரர் சொன்னதற்கே ஆங்கில உரை எழுதினார்.

ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்துச் செங்கல்பட்டுக்கு இன்னொரு கலெக்டர் வந்தார், திரமென்ஹீர். 1891-இல் அவர் கொடுத்த அறிக்கை செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றியது. குடிசை நின்ற மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் வெளியேற்றம், தீராத கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை என்று எழுதினார். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து போட்டால், மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே வந்து நிற்பதையும் காட்டினார். வருவாய் வாரியம் அவரோடு உடன்படவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 வந்தது. நாம் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று சொல்வதற்கு அதுதான் வேர்.

திரமென்ஹீரை நம்மை ரட்சிக்க வந்தவராக்கிப் படம் மாட்ட வேண்டாம். அதே 1891 டிசம்பரில் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டினார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். சேரி பேசத் தொடங்கிய காலம் அது. எல்லிஸும் திரமென்ஹீரும் ஒரே அரசின் அதிகாரிகள், ஒரே தொண்டைமண்டலத்தைப் பார்த்தவர்கள். ஒருவர் பத்திரத்தைப் படித்தார், மற்றவர் குடிசையைப் பார்த்தார்.

எழுதி முடித்த புத்தகத்துக்குள்ளும் இதே அரசியல் உண்டு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில் பறையர்கள் திராவிடர்களா என்ற கேள்வியை எடுத்து, திராவிடர்களே என்று வாதிட்டார். அவர் இறந்து 22 ஆண்டுகள் கழித்து, 1913-இல், வேறு இருவர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. பிறகு பல்கலைக்கழகம் மறுபடி மறுபடி அச்சிட்டதும் அந்தச் சுருங்கிய பதிப்பைத்தான். 1875-ஆம் ஆண்டின் முழுப் பதிப்பைக் கவிதாசரண் மீட்டு வெளியிட்டது 2008-இல். திராவிடம் என்ற சொல்லை வைத்து ஒரு நூற்றாண்டு அரசியல் நடந்த மண்ணில், அந்தச் சொல்லைப் பரப்பிய நூலில் நம்மைப் பற்றிய பக்கங்கள் இல்லாமலே பல தலைமுறை படித்திருக்கிறது.

இதே கால்டுவெல் 1849-இல் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூலை அந்தச் சமூகம் அவமானமாக எடுத்துக்கொண்டது. எதிர்த்து எழுதியது, மனு கொடுத்தது. ஆய்வுக்குப் பொருளாக்கப்பட்டவர்களும் ஆய்வாளரைப் படித்துப் பதில் சொல்லலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் முன்னுதாரணம் இது.

மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஐரோப்பியர் எழுதியது என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம், காலனியச் சரக்கு என்று தூக்கி எறியவும் வேண்டாம். ஒவ்வொரு நூலிலும் இதை ஆசிரியருக்குச் சொன்னது யார், அவரிடம் எவ்வளவு நிலம் இருந்தது என்று தேடுங்கள். எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அதோடு, உங்கள் ஊர் நிலப்பதிவேட்டையும் படியுங்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் டி.சி. என்று இருக்கும் சர்வே எண்ணை இன்றைய 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். சேரியில் இருக்கும் மூத்தவர்கள் அந்த நிலத்தை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994-இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

இனி ஒருவர் நம்மைப் பற்றி எழுத வரும்போது, சேரியில் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை என்று அவர் சொல்ல முடியாதபடி அந்தக் குறிப்புகள் நம் கையில் இருக்க வேண்டும்.