சிறிய மடிக்கணினி

பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்டில் கணினித் தொழிலகங்கள் மிகுதி. ஆயினும் அங்கு வாழும் நம்மவர் யாவரும் அத்தொழிலினர் அல்லர். காவற்பணி புரிவோரும், வாகனம் ஓட்டுவோரும், கட்டட வேலை செய்வோரும் நம்மிடையே உளர். அத்தகைய குடும்பமொன்று கல்லூரி செல்லும் பிள்ளைக்காக இருபதாயிரம் ரூபாயில் மடிக்கணினி வாங்க முற்படுமாயின், பலருக்கு அஃது ஏறக்குறைய ஒரு மாத ஊதியம். ஆதலின் கடைக்குச் செல்லுமுன் சிலவற்றை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

2007இல் தைவானின் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற சிறு கணினியை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை. எடையோ ஒரு கிலோவிற்கும் குறைவு. சுமப்பதற்கு எளிதாயிருந்தது, ஆனால் விசைகள் நெருங்கியிருந்தமையால் விரைந்து எழுதுவோர் இடர்ப்பட்டனர். 2023 மார்ச்சு முதல் வைட்ஃபீல்டு வரை ஓடும் மெட்ரோ ரயிலில் நின்றபடி செல்வோர்க்கு ஒன்றரைக் கிலோவே தோளுக்குப் போதும் என்பது நம் கருத்து. அதற்கும் குறைத்திட விரும்பி விசைப்பலகையை இழத்தல் வேண்டா.

மின்கலத்தின் ஆற்றல் வாட்-மணிக் கணக்கில் குறிக்கப்பெறும். 38 வாட்-மணி மின்கலமுடைய கருவி சராசரியாக 6 வாட் செலவிடுமாயின், ஆறு மணி நேரத்திற்குச் சற்றே மேலாக உழைக்கும். விளம்பரம் கூறும் மணிக்கணக்கினும் இவ்வகுத்தலே நம்பத்தக்கது.

மலிவின் மறைபொருள் நினைவகத்தில் உள்ளது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு வேண்டும் சிற்றளவே 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமுமாகும். மலிவுக் கருவிகள் பலவற்றில் அவ்வளவுதான் உண்டு. பலகையிலேயே பற்றவைத்திருப்பதால் பின்னர்ப் பெருக்கவும் இயலாது. குடியிருப்பவருக்கே இடம் போதாத வீட்டில் விருந்தினரை எங்கே அமர்த்துவது? இக்கருவியை வாங்குமாறு நாம் கூறோம்.

அதே விலைக்கு, அலுவலகங்களில் பயன்பட்டுப் புதுக்கப்பெற்ற 8 ஜிபி கருவிகள் எஸ். பி. ரோட்டுக் கடைகளில் கிடைத்தல் கூடும். எடை சற்று மிகினும் அவையே மேல். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 ஏற்கும் செயலியா என்று கேட்டறிக. மின்கலம் தேய்ந்திருப்பின் மாற்றுவிலையையும் சேர்த்துக் கணக்கிடுக.

தமிழுக்கென்று தனியே செலவில்லை. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைமுறை, இப்போது விண்டோஸிலேயே அமைந்துள்ளது. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். சில நாட் பயிற்சியில் கைவரும். பணம் கொடுக்குமுன் கடையிலேயே அதனைத் தெரிந்தெடுத்து, ஊருக்கு எழுதும் மடலின் முதல் வரியைத் தட்டிப் பாருங்கள்.