தேதி போட்ட ரசீது



2004-ல் மத்தியில் புது அரசு வந்தபோது, கிராமத்துக் குடும்பத்துக்கு வருஷம் 100 நாள் வேலை தருவோம் என்றது. 2005-ல் அது சட்டமானது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 6 மாவட்டம். அதில் நம்ம திண்டுக்கல்லும் ஒன்று.

அதற்கு முன்னால் மழை பொய்த்தால் நமக்கு என்ன இருந்தது? வயசுப் பிள்ளைகளை மில் வேன் ஏற்றிக்கொண்டு போகும். நாற்பதைத் தாண்டியவளுக்கு மில்லிலும் இடமில்லை, காட்டிலும் வேலையில்லை. கிடைத்தாலும் ஆணுக்கு ஒரு கூலி, நமக்கு ஒரு கூலி. நூறு நாள் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி. தொடக்கத்தில் நாளுக்கு 80 ரூபாய். 2024-25-ல் 319 ரூபாய்.

ஆனால், "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்" என்றால் பேசாமல் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படி ரெண்டு மாசம் காத்திருந்தவள்தான். வாயால் கேட்டதற்குச் சாட்சி ஏது? ஊராட்சியில் மனு எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்க. 15 நாளுக்குள் வேலை தரணும். தராவிட்டால் வேலையில்லாப் படி தரணும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அப்புறம் பாதி. ரசீது இல்லையென்றால் அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்று யார் சொல்வது?

குழுவில் சந்தா கட்டினால் ஒரு ரூபாய்க்கும் கணக்கு எழுதுகிறோமே, அந்தப் பழக்கம் இங்கேயும் வேணும். எழுத வராத அக்காவுக்கு நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க.