மேகக் காட்டில் மாணாக்கர்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆசிரியருடன் கூடித் தூரதேசம் சென்று வருவது பல நாடுகளில் வழக்கமாகியுள்ளது. புறப்படும்போது அவர்கள் கொண்டு செல்பவை பாடநூலிற் படித்த செய்திகள். திரும்பும்போது அவர்கள் உள்ளத்தில் தங்கியிருப்பவை பெரும்பாலும் வேறு செய்திகள். குளிர்நாடுகளிலிருந்து அயனமண்டல நாடாகிய கொஸ்தா ரிக்காவுக்குச் செல்லும் மாணாக்கர் குழுக்களின் அனுபவம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

மத்திய அமெரிக்காவிலே, பசுபிக் சமுத்திரத்துக்கும் கரிபியன் கடலுக்கும் இடையே அமைந்தது கொஸ்தா ரிக்கா. பரப்பில் அது நம் இலங்கையிலும் சிறியது. 1948 ஆம் ஆண்டு நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் பின்னர் அந்நாடு தன் படையைக் கலைத்துவிட்டது. தலைநகரான சான் ஹோசேயிலே படைமுகாமாக இருந்த கோட்டை தேசிய நூதனசாலையாக மாறியது. அதன் சுவர்களிலே துப்பாக்கிக் குண்டுகள் பட்ட தழும்புகள் இன்றும் உள்ளன. அங்கு செல்லும் பிள்ளைகள் அத்தழும்புகளை விரலால் தடவிப் பார்க்கின்றனர்.

தலைநகரை விட்டுத் திலாரான் மலைத்தொடரில் ஏறினால், ஏறத்தாழ 4,600 அடி உயரத்திலே மொன்தவேர்தே என்னும் ஊர் இருக்கின்றது. அயனமண்டலம் என்றதும் வெயிலையும் வேர்வையையும் எதிர்பார்த்து வந்த பிள்ளைகளை அங்கே குளிர்ந்த மூடுபனியே வரவேற்கின்றது. கரிபியன் கடலிலிருந்து வீசும் வியாபாரக் காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிக் காட்டினூடே தவழ்ந்து செல்கின்றது. மழை பெய்யாத வேளையிலும் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மரக்கிளைகளில் பாசியும் பன்னமும் ஓர்க்கிட்டுச் செடிகளும் அடர்ந்து, பட்டையையே காணவொண்ணாது மூடியிருக்கும். இதனாலேயே இதற்கு மேகக் காடு என்று பெயர் வந்தது.

முதல் நாள் பிள்ளைகளுக்கு ஓர் ஏமாற்றமும் உண்டு. திரைப்படங்களிற் கண்டதுபோல விலங்குகள் வரிசையாக வந்து நிற்பதில்லை. எங்கு நோக்கினும் பச்சை நிறமே. அப்பொழுது வழிகாட்டி அவர்களை அசையாது நிற்கச் செய்து, கண்களை மூடிக்கொண்டு செவிகொடுக்கச் சொல்வார். சற்று நேரத்தின்பின், எங்கோ தொலைவில் உலோகத்தைத் தட்டினாற் போன்ற ஓசை ஒன்று எழும். அது மணிப்பறவையின் குரல். அலகின் அடியிலே மூன்று தசைநாக்கள் தொங்கும் அப்பறவை, மரத்தின் உச்சியிலிருந்து அரை மைலுக்கு அப்பாலும் கேட்கும்படி கூவவல்லது. அப்பறவையைக் கண்ணாற் காணாமலே ஊர் திரும்பும் பிள்ளைகள் பலர். எனினும் அவ்வோசை அவர்களுடன் செல்கின்றது.

இக்காடு இன்று நிற்பதற்குக் காரணமானவர்களின் வரலாறும் அங்கே கூறப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா மாநிலத்திலிருந்து குவேக்கர் சமயத்தைச் சார்ந்த சில குடும்பங்கள் 1951 ஆம் ஆண்டில் இங்கு வந்து குடியேறின. போரில் ஈடுபடுவது பாவம் என்று நம்பியவர்கள் அவர்கள். கட்டாயப் படைச்சேவைக்குப் பெயர் பதிய மறுத்துச் சிறை சென்றோரும் அவர்களிடையே இருந்தனர். படையில்லாத நாடு என்பதே அவர்களை இம்மலைக்கு ஈர்த்தது. அவர்கள் பசுக்களை வளர்த்துப் பாற்கட்டி செய்து பிழைத்தனர். ஆயினும் ஊற்றுநீர் வற்றாதிருக்கும்பொருட்டு மலையுச்சியிலிருந்த காட்டை வெட்டாது விட்டனர். அப்பகுதியைச் சூழ 1972 ஆம் ஆண்டிலே மொன்தவேர்தே மேகக் காட்டுக் காப்பகம் அமைக்கப்பட்டது.

பிள்ளைகளின் மனத்தை இதனினும் நெருங்கித் தொடும் வரலாறு ஒன்று உண்டு. 1987 ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டின் சிறு கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றிலே ஏஹா கேர்ன் என்னும் ஆசிரியை மழைக்காடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். மொன்தவேர்தேயில் ஆராய்ச்சி செய்த ஷரன் கின்ஸ்மன் என்னும் அமெரிக்க உயிரியலாளர் அவ்வகுப்புக்கு வந்து படங்களைக் காட்டினார். காடுகள் அழிந்து வருகின்றன என்று கேட்ட சிறுவர் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. அக்காட்டை விலைக்கு வாங்கிக் காக்கலாகாதா என்னும் எண்ணம் அவர்களிடையே பிறந்தது. நாடகம் நடித்தும் பண்டங்கள் விற்றும் பணம் சேர்த்தனர். அவர்களைப் பின்பற்றி 44 நாடுகளின் பிள்ளைகள் பங்களித்தனர். அவ்வாறு வாங்கப்பட்ட நிலமே "பிள்ளைகளின் நித்தியக் காடு" எனப் பெயர் பெற்றது. இன்று அதன் பரப்பு 22,000 ஹெக்டேருக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 55,000 ஏக்கர். கொஸ்தா ரிக்காவில் உள்ள தனியார் காப்பகங்களுள் அதுவே மிகப் பெரியது. அதன் பெரும்பகுதிக்குள் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படுவதில்லை. பிள்ளைகள் வாங்கிய காட்டினுள் பிள்ளைகளே போகாதிருப்பதுதான் அக்காட்டுக்கு நன்மை. பாஹோ தெல் திக்ரே முதலிய சில இடங்களிலுள்ள பாதைகளோடு மாணாக்கர் திரும்பிவிடுகின்றனர்.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் அது இன்பக் கதையாகவே இருக்கும். ஆனால் மொன்தவேர்தேயில் மாணாக்கர் காணும் படங்களுள் பொற்றேரையின் படமும் ஒன்று. இரண்டு அங்குல நீளமுள்ள அச்சிற்றுயிரின் ஆண் செம்மஞ்சள் நிறமாக ஒளிரும்; பெண் கரும்பச்சை உடலில் செம்புள்ளிகள் கொண்டது. உலகில் வேறெங்கும் இல்லாமல், அம்மலையுச்சியின் சில சதுர மைல்களுக்குள் மட்டுமே அது வாழ்ந்தது. 1966 ஆம் ஆண்டிலே ஜே சவேஜ் என்னும் விஞ்ஞானி அதனைத் தனியினமாக விவரித்து வெளியிட்டார். ஆண்டுதோறும் சில நாட்களுக்கு மட்டும், மரவேர்களின் இடையே தேங்கிய மழைநீர்க் குட்டைகளில் அவை கூடி முட்டையிடும். 1987 ஆம் ஆண்டிலே மார்த்தா கிரம்ப் என்னும் ஆராய்ச்சியாளர் ஏறத்தாழ 1,500 தேரைகளைக் கண்டார். மறு ஆண்டு அவ்விடத்திலே காணப்பட்டது ஒன்றே ஒன்று. 1989 ஆம் ஆண்டிலும் ஒன்று காணப்பட்டது. அதன்பின் ஒருவரும் அதனைக் கண்டதில்லை. 2004 ஆம் ஆண்டில் அவ்வினம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

சுவீடனில் சிறுவர் காசு சேர்க்கத் தொடங்கிய அதே ஆண்டிலேதான் பொற்றேரைகள் கடைசி முறையாகப் பெருங்கூட்டமாய்க் கூடின. அவை வாழ்ந்த இடத்தை எவரும் வெட்டவில்லை. அது காப்பகத்தின் உள்ளேதான் இருந்தது. தவளையினங்களின் தோலைப் பற்றும் பங்கசு நோய், 1986–87 ஆம் ஆண்டுகளின் எல் நினோ வரட்சி, வெப்பமேறி வரும் வானிலை ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. எதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அழிவு கோடரியோடு மட்டும் வருவதில்லை என்பதை அப்படத்தின் முன்னே நிற்கும் பிள்ளை விளங்கிக்கொள்கின்றது.

அப்படியாயின் அச்சிறுவரின் முயற்சி வீணா என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை பறவைகளிடம் உண்டு. மணிப்பறவையும், நெடுந்தோகை கொண்ட கெத்சால் பறவையும் ஆண்டு முழுவதும் ஒரே உயரத்தில் வாழ்வதில்லை. காட்டு அவக்காடோ போன்ற மரங்களின் கனிகளைத் தேடி, பருவத்துக்கேற்ப மலைச்சரிவில் ஏறியும் இறங்கியும் திரிகின்றன. மலையுச்சியை மட்டும் காப்பது அவற்றுக்குப் போதாது. பிள்ளைகள் வாங்கிய நிலம் மலையின் இருபுறச் சரிவுகளிலும் பரந்திருப்பதால் அவற்றுக்கு வழி கிடைக்கின்றது. சிறுகாட்டில் உயிர்களுக்கு ஒதுங்க இடமில்லை. பெருங்காட்டில் ஓரளவேனும் உண்டு.

ஆகவே அங்கு செல்லும் மாணாக்கர் குழுக்களிற் பல, காப்பகங்களுக்கு இடையிலுள்ள பழைய மேய்ச்சல் நிலங்களிலே மரக்கன்றுகளை நடுகின்றன. சேற்றில் முழங்காலிட்டுக் கன்றைச் சுற்றி மண்ணை இறுக்கும் பிள்ளை, அது கனி தருவதைக் காணப்போவதில்லை. நட்ட கையோடு வாகனத்தில் ஏறிவிடும். ஊர் சென்றதும் அதன் முகவரிகூட மறந்துபோகும். எனினும், தான் காணாத பறவைக்கு உணவாகத் தன் கையால் ஒன்றை விட்டு வந்தோம் என்ற நினைவு மறையாது.

பொற்றேரையை நேரிற் கண்டவர்கள் இன்று சிலரே. அவர்களின் நினைவிலும் சில ஒளிப்படங்களிலுமே அது எஞ்சியிருக்கின்றது. மணிப்பறவையின் ஓசைக்கும் அந்த நிலை வராதிருக்கும்படி செய்வது, அதனைக் கண்மூடி நின்று கேட்டுத் திரும்பிய பிள்ளைகளின் பொறுப்பாகின்றது. அயனமண்டல நாட்டுக்குச் சென்ற யாத்திரையின் பயனும் அதுவே.