கலாய்த்தான்: பகுபதம் ஆகிய இளையர் சொல்



இணையத்தில் இளையர் வழங்கும் புதுச்சொற்களால் தமிழ் கெடுகிறது என்று ஆசிரியர்கள் வருந்துவதுண்டு. இரு சொற்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ட்ரோல்’ தமிழில் தனித்து வினையாகாது. ‘ட்ரோல் பண்ணினான்’ என மற்றொரு வினையின் துணையை நாடுகிறது. ‘கலாய்’ அவ்வாறன்று. கலாய்த்தான், கலாய்க்கிறான், கலாய்ப்பான் என முக்காலமும் தானே ஏற்கிறது. இவ்வடிவங்களை எவரும் இளையர்க்குக் கற்பிக்கவில்லை. பகுபத உறுப்பிலக்கணம் கடினம் என வகுப்பில் கலங்கும் மாணவனே, அதனைக் கைப்பேசியில் பிழையின்றிக் கையாள்கிறான்.

தேர்வுக் கட்டுரையில் அச்சொல்லுக்கு இடமில்லை; இலக்கண வகுப்பில் உண்டு. ‘கலாய்த்தான்’ என்று பலகையில் எழுதி, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி எனப் பிரிக்கச் சொல்லுங்கள். தமிழ் தன் நாவிலேயே இயங்குவதை மாணவன் உணர்வான். அச்சொல்லை விரட்டினால், அதனோடு அவனும் வெளியேறிவிடக்கூடும்.